மீட்டெடுத்த உப்பில் சாயம் ஏற்றிய என் அனுபவம்

திருப்பூரில் சிறிய சாயப்பட்டறை நடத்தி வருகிறேன். நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவால் ஒரத்துப்பாளையம் பகுதியில் நிலமும் கிணறும் கெட்டுப்போன விவசாயிகள் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத நிலையை எட்டும்வரை பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எங்களை முதலில் திருத்தியது அந்த உத்தரவுதான். மனமாற்றம் பிறகுதான் வந்தது என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மீண்டும் திறந்தபோது, சுத்திகரிப்புச் செலவு கழிவுநீரின் அளவைப் பொறுத்தே அமைந்ததால், தண்ணீரைக் குறைப்பதே லாபமாயிற்று. துணியைச் சாயத்தொட்டியில் சுற்றவிடும் பழைய வின்ச் இயந்திரத்தில் 100 கிலோ துணிக்கு 1,000 லிட்டர் தண்ணீர் ஊற்றி, சாயம் துணியில் ஏற லிட்டருக்கு 60 கிராம் வீதம் 60 கிலோ உப்புப் போட்டு வந்தேன். சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் 600 லிட்டரே போதும் என்பதால் உப்பும் 36 கிலோவாக இறங்கியது.

சிக்கல், சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுநீரிலிருந்து மீட்டெடுத்த உப்புக்கரைசலைப் பயன்படுத்தியபோது வந்தது. கருநீலப் பனியன் துணி திட்டுத் திட்டாக வெளிவந்தது. அதை வெயிலில் விரித்துப் பார்த்தபோது நெஞ்சு பதைத்தது. கரைசலில் எஞ்சியிருந்த கால்சியம், சாயம் துணியில் நிலைக்கப் போடும் சோடா உப்பு சேர்ந்ததும் வெண்படிவாகி, சாயம் சீராக ஏறுவதைத் தடுத்திருந்தது. அன்று முதல் ஒவ்வொரு லோடிலும் கடினத்தன்மையை, அதாவது கால்சியம் போன்றவற்றின் அளவை, சோதித்து, மிகுந்திருந்தால் அவற்றைக் கட்டும் ரசாயனத்தைச் சாயத்துக்கு முன்பே சேர்க்கிறோம். கரைசலில் உள்ள உப்பின் அளவைக் கணக்கிட்ட பிறகே புது மூட்டையைப் பிரிக்கிறோம். திட்டு மீண்டும் விழவில்லை.