கொட்டாவி விட்டால் மட்டும் விழுந்த மேல் பல்செட்

மேல் தாடைக்கு முழுப் பல்செட் போட்ட மூன்றாம் நாளே தொல்லை ஆரம்பித்தது. பேசும்போதும் மெல்லும்போதும் சரியாக இருக்கும், கொட்டாவி விட்டால் மட்டும் வலது பக்கம் கழன்று நாக்கில் விழும். ஒட்டும் பசை தடவினேன், அரை நாள்கூட நிற்கவில்லை. அண்ணத்தின் பின் விளிம்பில் காற்று புகுகிறதோ என்று சந்தேகம்; அங்கே அடைப்பு சரியாக இருந்தால்தான் எச்சில் படலத்தின் பிடிப்பில் செட் நிற்கும். அதைச் சோதிக்க மருத்துவர் செட்டின் முன்பற்களை வெளிப்பக்கமாகத் தள்ளிப் பார்த்தார், அசையவே இல்லை. ஆக, அதுவும் இல்லை.

கண்ணாடி முன் நின்றபோதுதான் ஒன்று பிடிபட்டது: வாயைத் திறந்து கீழ்த்தாடையை இடது பக்கம் நகர்த்தினாலும் அதே வலது ஓரம்தான் இறங்கியது. இதைச் சொன்னதும் மருத்துவர், வலது கடைசிப் பல்லுக்கு மேலே கன்னத்தை ஒட்டிய விளிம்பில், இடிக்கும் இடத்தைக் காட்டும் வெள்ளைப் பசை தடவி அதே மாதிரி அசைக்கச் சொன்னார். ஓரிடத்தில் மட்டும் பசை வழிக்கப்பட்டு அடிப் பிளாஸ்டிக் தெரிந்தது. கீழ்த்தாடை எலும்பின் மேல்முனை ஒன்று, வாய் அகலத் திறக்கும்போது முன்னால் வந்து அங்கே இடிக்கிறதாம். விளிம்பின் உயரத்தைத் தொடாமல், வெளிப்பக்கத் தடிமனை மட்டும் தேய்த்து மெருகேற்றிக் கொடுத்தார்.

அப்புறம் விழவில்லை. ஒட்டும் பசைக் குழாய்தான் பாதி மீதம் கிடக்கிறது.