"இன்னும் ஒருமுறை தூக்குங்கள்": ஆற்று ட்ரவுட்டைப் படம்பிடிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு மாலை வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கு அப்பால் கடலோரக் கற்களில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மூன்று தம்பிமார் தங்கள் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார்கள். நுவரெலியாவுக்குப் பக்கத்து ஓடை ஒன்றில் எடுத்தது. ஒருவர் வானவில் ட்ரவுட் ஒன்றை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்திருக்கிறார். "இந்தப் பக்கம் திருப்பு, வெளிச்சம் விழவில்லை" என்று இன்னொருவரின் குரல் கேட்கிறது. நான் விநாடிகளை எண்ணினேன். நாற்பத்தேழு. அவ்வளவு நேரமும் மீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"எப்படி அண்ணா இருக்கிறது?" என்று கேட்டார்கள். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு வழிகாட்டியாக மலைக்குப் போனபோது நானும் இதையேதான் செய்தேன்.

வழுக்கும் பாறை, அட்டைக்கடி, மழையங்கி, தீர்ந்துபோகும் மின்கலம் ஆகியவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒரே பயணத்தில் அவை தாமாகவே புரிந்துவிடும். யாராவது சொன்னால்தான் புரியும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

ட்ரவுட்டை உள்ளூர் மீன் என்று சொல்வது

எங்கள் தொடரின் முதல் பகுதியில் தொகுப்பாளர், "நம் மலைகளின் ஆதி மீன்" என்று கமெராவைப் பார்த்துச் சொன்னார். பக்கத்தில் நின்ற நான் திருத்தவில்லை. ஒளிபரப்பான மறுவாரம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் என்னை நிறுத்தி, "பிள்ளைகள் பார்க்கும் நிகழ்ச்சியில் இப்படிச் சொல்லலாமா?" என்று கேட்டார். கேட்டது நியாயம்.

ஆங்கிலேயர் 1880களில் முட்டையாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்த மீன் இது. முதலில் வந்தது பிரவுன் ட்ரவுட். பிறகு வந்த வானவில் ட்ரவுட்தான் மலை ஓடைகளில் வேரூன்றியது. அது பூச்சிகளையும் சிறு இறால்களையும் தின்று வாழ்கிறது. ஹோட்டன் சமவெளி ஓடைகளிலோ உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு நன்னீர் இறால் இருக்கிறது. ட்ரவுட்டின் அழகைச் சொல்கிறவர் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கமெராவை மேல்நீரில் நிறுத்துவது

ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்கொண்டு நிற்கும். இரை அந்தத் திசையிலிருந்துதான் மிதந்து வரும். ஒளிப்பதிவாளர் மேல்நீரில், அதாவது நீர் வரும் பக்கத்தில், இறங்கினால் மீன் அவரை நேராகப் பார்க்கும். அவர் கலக்கிய சேறும் மீனின் முகத்துக்கே வந்து சேரும். கீழ்நீரிலிருந்து, முழங்காலிட்டு, மெதுவாக அணுகுங்கள். நீருக்குள்ளிருந்து பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்குமேல் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரிகிறது. ஆள் எவ்வளவு தாழ்வாக இருக்கிறாரோ, அவ்வளவுக்கு அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கி மறைந்துபோவார்.

"இன்னும் ஒருமுறை தூக்குங்கள்"

இந்த விஷயத்தில் என் ஆத்திரம் இன்றைக்கும் தணியவில்லை.

படப்பிடிப்பின் இரண்டாம் நாள். தேயிலைத் தோட்டம் ஒன்றின் நடுவே ஓடும் ஓடை. தோட்டத் துரையிடம் நான்கைந்து முறை போய்க் கேட்டு வாங்கிய அனுமதி. ஒன்றரை நாள் காத்திருந்த பிறகு, நல்ல வெயில் ஏறிய வேளையில் ஒரு மீன் அகப்பட்டது. முக்கால் கிலோ இருக்கும். பக்கவாட்டில் ரோஜாநிறப் பட்டை பளபளத்தது. "தூக்குங்கள்" என்றார் இயக்குநர். தூக்கினேன், ஃபோகஸ் தவறியது. மறுபடி தூக்கினேன், தொகுப்பாளர் வசனத்தில் தடுமாறினார். மூன்றாம் முறை மேகம் மறைத்தது. நான்காம் முறை எல்லாம் கூடி வந்தது, குழுவினர் கைதட்டினார்கள். மீனை விட்டேன். வாலை ஒருமுறை அடித்து ஆழத்துக்குப் போனது. பிழைத்துக்கொண்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

மறுநாள் காலை கொழுந்து பறிக்கப் போன அம்மா ஒருவர், கீழே மடுவில் ஒதுங்கிக் கிடந்த மீனைச் சேம்பிலையில் ஏந்திக்கொண்டு வந்தார். உதட்டில் என் தூண்டில் முள் குத்திய தடம். என் விரல்கள் அழுத்திய இடங்களில் செதில் உதிர்ந்திருந்தது. "சமைத்தாவது சாப்பிட்டிருக்கலாமே ஐயா" என்றார். செய்தி துரைக்குப் போனது. மதியத்துக்குள் அனுமதி ரத்தானது. வேன் வாடகை, தங்குமிடம், ஏழு பேரின் நான்கு நாள் உழைப்பு எல்லாம் போயின. அந்தப் பகுதி ஒளிபரப்பாகவே இல்லை.

இயக்குநர்மேல் நான் பழி போடமாட்டேன். அவருக்கு மீனைப் பற்றித் தெரியாது. தெரிந்தவன் ஒருவன் வேண்டும் என்றுதான் என்னை அழைத்திருந்தார். மீன் இருந்தது என் கையில். "முடியாது" என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

தூண்டிலில் போராடி முடித்த மீன், தலைதெறிக்க ஓடி வந்து மூச்சிரைக்க நிற்கும் மனிதனின் நிலையில் இருக்கிறது. தசைகளில் அமிலம் ஏறியிருக்கும். ஒட்சிசன் மிக அதிகமாகத் தேவைப்படும் அந்த நேரத்தில் அதை வெளியே எடுத்தால் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. 1992இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வில், களைக்கும்வரை விரட்டப்பட்டு நீரிலேயே விடப்பட்ட வானவில் ட்ரவுட்களில் 12 சதவீதம் இறந்தன. அவ்வாறு களைத்தபின் 30 விநாடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 38 சதவீதமும், 60 விநாடி வைக்கப்பட்டவற்றில் 72 சதவீதமும் இறந்தன. ஆய்வுகூடக் கணக்கு அப்படியே ஆற்றுக்குப் பொருந்தாது என்று வாதிடலாம். ஆனால் விநாடிகள் கூடக்கூட என்ன ஆகிறது என்பதில் வாதத்துக்கு இடமில்லை. விடும்போது நீந்திப் போவதை வைத்து மீன் பிழைத்ததாக முடிவுகட்டக் கூடாது. அது சாவது பிறகுதான்.

கொழும்பிலிருந்து போகிறவர்கள் உயரத்தையும் மறந்துவிடுகிறார்கள். நீர் சூடேறினால் அதில் கரையும் ஒட்சிசன் குறையும்: கடல்மட்டத்தில் 10 பாகை செல்சியஸில் லீற்றருக்குச் சுமார் 11 மில்லிகிராம், 20 பாகையில் சுமார் 9. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் இங்குள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நீரில் கரையும் ஒட்சிசனும் அதே அளவுக்குக் குறையும். ஆகவே பையில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். நீர் 18 பாகையைத் தாண்டினால் நான் தூண்டிலைச் சுருட்டிவிடுவேன்.

இப்போது நான் கடைப்பிடிக்கும் முறை இது. முள்ளின் முனையருகே பின்னோக்கி நிற்கும் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுகிறேன்; கழற்றுவது ஒரு நொடி வேலை. அகப்பட்ட மீன் அத்தாங்கு என்ற கைவலைக்குள், நீருக்கடியிலேயே இருக்கும். சட்டகம், ஃபோகஸ், வெளிச்சம் மூன்றையும் என் வெறுங்கையை வைத்துச் சரிசெய்து, ஒளிப்பதிவாளர் "ஆயத்தம்" என்று சொல்லும்வரை மீனைத் தொடுவதில்லை. பிறகு நனைந்த கையோடு, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே தூக்கி, உரக்க மூன்று எண்ணித் திரும்ப இறக்குகிறேன். தவறினால் தவறியதுதான்; இரண்டாவது தூக்கல் கிடையாது. மீதிக் கதையை நீருக்குள் இருக்கும் மீனும், பிடித்தவரின் முகமும், அத்தாங்கைச் சாய்க்கும் கையும் சொல்லிவிடும். உண்மையைச் சொன்னால், தூக்கிப் பிடித்த காட்சியைவிட அவைதான் பார்க்க நன்றாக இருக்கின்றன.

இதற்கு ஒத்திகை வேண்டும். அந்தத் தம்பிமாரை வீட்டுக்கு அழைத்து, ஒரு வாளியில் தண்ணீர்ப் போத்தலைப் போட்டு, தூக்கி எண்ணி இறக்கப் பழக்கினேன். முதல் பத்து முறையும் ஃபோகஸ் தவறியது. தவற வேண்டிய இடம் வாளிதான்.

ஆற்றோரம் பேட்டி

வேண்டாம். நீரின் இரைச்சல் குரலை விழுங்கிவிடும். தேயிலைச் செடிகளுக்குள் ஐம்பது அடி தள்ளிப்போய்ப் பேசுங்கள். ஆற்றின் ஓசையைத் தனியாகப் பதிவு செய்யுங்கள்.

ஹோட்டன் சமவெளியில் தூண்டில்

போடாதீர்கள். 1988 முதல் அது தேசிய பூங்கா. படப்பிடிப்புக்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும்.

டிரோன்

சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி கையில் இருந்தால் மட்டும்.

கொழும்பில் இறங்கியதும் பையைத் திறப்பது

குளிரூட்டிய வேனில் ஆறு மணி நேரம் வந்த கமெராவை வெள்ளவத்தைக் காற்றில் வெளியே எடுத்தால் வில்லையின் உட்புறத்திலும் நீர் பூத்துவிடும். அங்கிருந்து பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது. வேனிலேயே கமெராவைக் காற்றுப்புகாத பொலித்தீன் பையில் போட்டுக் கட்டுங்கள். வீட்டில் இரண்டு மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். படங்களைப் பார்க்கும் ஆவலில் உடனே அவிழ்க்காதீர்கள்.