டைரி எழுதப் பழகுவது எப்படி? மூன்று முறை பாதியில் விட்டவனின் குறிப்புகள்

ஜனவரி 1ஆம் தேதி ஆரம்பித்து பொங்கல் முடிவதற்குள் டைரியை மூடி வைக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். மூன்று வருடம் அப்படித்தான் போனது. நான்காவது முறை, 2010 ஜூனில், ஒரு சாதாரண நாளில் ஆரம்பித்தது இன்னும் ஓடுகிறது. இப்போது 19ஆவது நோட்டு. "எழுதணும்னு ஆசை, எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை" என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

படி 1: நோட்டு

தேதி அச்சடித்த டைரி வேண்டவே வேண்டாம். நகைக்கடையில் இலவசமாகக் கொடுத்தாலும் வீட்டுக் கணக்கு எழுத வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாள் விட்டுப்போனால் நாலு வெற்றுப் பக்கம் உங்களைப் பார்த்து முறைக்கும். மூன்று முறையும் அந்த முறைப்புக்குப் பயந்துதான் நிறுத்தினேன். கோடு போட்ட சாதாரண நோட்டு போதும், தேதியை நீங்களே போடுங்கள். தையல் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்பைரல் நோட்டில் இரண்டு வருடத்தில் தாள் தனியாக வந்துவிடும்.

படி 2: பேனா

இதில் எனக்குப் பிடிவாதமே உண்டு. பால்பாயிண்ட்தான், அதுவும் நீல ரெனால்ட்ஸ். மை பேனாவில் எழுதுவது சுகம், ஒத்துக்கொள்கிறேன். 2010 முதல் 2013 வரை அதில்தான் எழுதினேன். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி சென்னைக்குப் பக்கத்தில் முடிச்சூரில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆறு நோட்டும் நனைந்தன. பால்பாயிண்ட்டில் எழுதியவை தாள் சுருங்கினாலும் எழுத்து அப்படியே இருந்தன. மை பேனாவில் எழுதியவை வெளிர்நீலக் குளமாகிவிட்டன. மூன்று வருடத்தில் பாதிக்கு மேல் போயிற்று.

மை பேனாதான் வேண்டும் என்பவர்கள் ஒரு வரி எழுதி, ஒரு நாள் காயவிட்டு, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கலைந்தால் அந்த மையைக் கடிதம் எழுத வைத்துக்கொள்ளலாம். தாளும் 80 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) குறையாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் மை பின்பக்கம் ஊறிவிடும்.

நனைந்த நோட்டைப் பற்றி இன்னொன்று. ஒட்டிக்கொண்ட ஈரத்தாளைப் பிரிக்காதீர்கள். நான் அவசரப்பட்டுப் பிரித்துக் கிழித்தேன். விசிறி போல விரித்து நிற்கவைத்து ஃபேன் காற்றில் காயவிட வேண்டும். உடனே முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது, ஆவணக் காப்பகங்களிலும் இதைச் செய்கிறார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்குக் கரண்ட்டே இல்லை என்பது வேறு விஷயம்.

படி 3: என்ன எழுதுவது

நான் சறுக்கிய இடம் இதுதான். டைரி என்றால் மனதைக் கொட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். தப்பிப் பிழைத்த 2011 பக்கம் ஒன்றில் இப்படி இருக்கிறது: "இன்று மனசே சரியில்லை. இனி யாரையும் நம்பக் கூடாது." யாரை நம்பி ஏமாந்தேன்? எதற்காக? எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. இப்படி எத்தனையோ பக்கங்கள். எழுதியபோது கண்ணில் தண்ணீர் வந்திருக்கும், இப்போது படித்தால் யாரோ எழுதியது போல இருக்கிறது.

அதே வருடங்களில், எழுத ஒன்றும் இல்லாமல் பக்கத்தை நிரப்புவதற்காக எழுதியது ஒன்று இருக்கிறது. 2012 அக்டோபர், கரண்ட் கட். "மெழுகுவத்தி வெளிச்சத்தில் அம்மா முருங்கைக்கீரை ஆய்கிறாள். 'அஞ்சாவது படிக்கிறப்போ எனக்கு ஒரே பாவாடைடா. ராத்திரி துவைச்சுப் போட்டு, காலையில ஈரத்தோட கட்டிக்கிட்டுப் போவேன். ஸ்கூல் போறதுக்குள்ள காஞ்சிடும், அவ்வளவு தூரம்' என்றாள். கீரை 10 ரூபாய்." அம்மா 2018இல் போய்விட்டாள். ஃபோனில் அவள் படங்கள் முந்நூறாவது இருக்கும். அந்த "அவ்வளவு தூரம்" இந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே விதிதான். அன்றைக்கு யாராவது சொன்ன ஒரு வாக்கியத்தை, அவர்கள் சொன்னபடியே எழுதுவது. கண்டக்டர், பக்கத்து வீட்டு மாமி, ஆபீஸ் செக்யூரிட்டி, யாராக இருந்தாலும் சரி. மனசு சரியில்லை என்றும் எழுதலாம், ஆனால் ஏன் என்பதை ஆள் பெயரோடு எழுதுங்கள்.

இதில் நம் எல்லோருக்கும் முன்னோடி புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேவுக்கு துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்தவர், 1736இலிருந்து 1761 வரை எழுதினார். கவர்னர் இப்படிக் கேட்டார், நான் இப்படிச் சொன்னேன், அதற்கு அவர் இப்படிச் சொன்னார் என்று பேச்சையே பதிந்து வைத்திருக்கிறார். துய்ப்ளேவின் மனைவி மேல் அவருக்கு இருந்த கடுப்பை அவர் விளக்க வேண்டியதே இல்லை, அந்த அம்மாள் செய்ததையும் சொன்னதையும் அவர் எழுதியிருக்கும் விதத்திலேயே தெரிந்துவிடுகிறது.

படி 4: எப்போது

சாப்பிட்ட பிறகு, ஃபோனைக் கையில் எடுப்பதற்கு முன்னால். ஐந்து வரி போதும். விட்டுப்போன நாட்களுக்குச் சேர்த்து எழுத உட்காராதீர்கள்.

படி 5: திரும்பத் தேட

எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். அப்பாவுக்குக் கால் வீங்கியபோது, "எப்போதிருந்து? பிரஷர் மாத்திரை மாற்றியதற்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று டாக்டர் கேட்டார். நோட்டில் இருக்கிறது என்று தெரியும், எந்தப் பக்கம் என்று தெரியாது. ஒரு ராத்திரி முழுக்கப் புரட்டிக் கண்டுபிடித்தேன். புது மாத்திரை ஆரம்பித்த ஒன்பதாம் நாள் "அப்பாவுக்குச் செருப்பு நுழையவில்லை" என்று எழுதியிருந்தேன். அது அம்லோடிபின், அதில் கால் வீங்குவது சிலருக்கு உண்டாம். டாக்டர் மாற்றிக் கொடுத்தார்.

அதனால் புது நோட்டு வாங்கியதும் பக்க எண் போட்டுவிட்டு, கடைசி நான்கு பக்கத்தைக் காலியாக விடுங்கள். மருந்து, வீட்டு ரிப்பேர், கொடுத்த கடன், பிள்ளைகள் என்று தலைப்பு போட்டு, எழுதும்போதே அங்கே பக்க எண்ணைக் குறித்து வாருங்கள். அரை நிமிட வேலை. அட்டையில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று எழுதுங்கள்.

பின்சேர்க்கை 1: இடது கைக்காரர் ஒருவர், எழுத எழுதக் கை பட்டு மை இழுவுகிறது என்று கேட்டிருந்தார். ஜெல் பேனாவை விட்டு பால்பாயிண்ட்டுக்கு மாறியதும் பிரச்சினை தீர்ந்ததாம். நான்தான் சொன்னேனே.

பின்சேர்க்கை 2: தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஈரம் இல்லாத மேல்தட்டு, துணிப்பையில் கொஞ்சம் வசம்பு. வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துத் தட்டி வையுங்கள்.

பின்சேர்க்கை 3: "வீட்டில் யாராவது படித்துவிட்டால்?" என்றுதான் நிறையப் பேர் கேட்கிறார்கள். பீரோ லாக்கர் இருக்கிறது, பட்டப்பெயர் வைத்து எழுதலாம், எதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. என் மனைவி படித்திருக்கிறாள் என்பது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. 2014 மார்ச் பக்கம் ஒன்றின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "பொய். அன்னிக்கு சாம்பார்ல உப்பு சரியாத்தான் இருந்தது."