“எக்ஸ்றேயில ஒண்டுமில்லையாம்” என்று விட்டுவிடாதீர்கள்

களுவாஞ்சிகுடியில் இருக்கிற என் பெரியம்மா ஒன்றரை மாதம் சாய்மனைக் கதிரையில்தான் தூங்கினார். பாயில் சரிந்தால் நோ கூடும். எழும்பி இருந்தால் கொஞ்சம் குறையும். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால் “மறுகா பாப்பம்” என்பார். ஒருவழியாகக் கூட்டிப் போனபோது நாரி நோ என்று மட்டும் சொன்னோம். ஆறு வருடத்துக்கு முன் மார்பில் புற்றுநோய் வந்து ஒப்பரேசன் செய்ததை டொக்டரிடம் ஒருவரும் சொல்லவில்லை. அது முடிந்த கதை என்று நினைத்தோம்.

என் கணக்கில் மிகப் பெரிய தவறு இதுதான். மார்பு, நுரையீரல், புரொஸ்டேட், சிறுநீரகம், தைரொயிட் புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவக்கூடியவை. எலும்புகளில் அதிகம் அகப்படுவது முள்ளந்தண்டு. சிகிச்சை முடிந்து பல வருடம் கழித்தும் வரலாம். அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் டொக்டர் எழுதித் தரும் படமே வேறாக இருந்திருக்கும்.

எடுத்தது எக்ஸ்றே. “ஒண்டுமில்லையாம்” என்றதும் வீட்டில் நிம்மதி. ஆனால் புற்றுநோய்க் கலங்கள் முதலில் குடியேறுவது எலும்புக்குள் இருக்கிற மச்சையில். எக்ஸ்றே காட்டுவது எலும்பின் சுண்ணாம்பை. ஓரிடத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை சுண்ணாம்பு கரைந்த பிறகுதான் அது படத்தில் பிடிபடும். கறையான் உள்ளே தின்ற கூரை வளை வெளியே முழுசாகத் தெரிவதில்லையா, அதுபோல. எம்.ஆர்.ஐ. மச்சையையே பார்க்கும், முள்ளந்தண்டுக்குள்ளால் ஓடுகிற நரம்பு வடமான முண்ணாண் நெரிபடுகிறதா என்றும் காட்டும்.

அதையும் நோகிற இடத்துக்கு மட்டும் எடுத்தால் போதாது. பரவல் ஒரே நேரத்தில் பல முள்ளென்புகளில் இருக்கலாம். அதிகம் வருவது நாரியில் இல்லை, நெஞ்சுக்கு நேரே நடுமுதுகில். முழு முள்ளந்தண்டையும் எடுப்பார்களா என்று கேளுங்கள். அரை மணிக்கு மேல் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். நோக் குளிசையை எத்தனை மணிக்குப் போடுவது என்றும் முதலே கேட்டு வையுங்கள். எலும்பு ஸ்கேன் உடம்பு முழுவதையும் ஒரே தடவையில் காட்டும்தான். ஆனால் மூட்டுத் தேய்வும் பழைய முறிவும்கூட அதில் ஒளிரும், மச்சையிலேயே தொடங்குகிற மைலோமா என்ற புற்றுநோய் பல நேரம் தப்பிவிடும்.

இடையில் எண்ணெய் பூசி உருவியும் பார்த்தோம். அரிபட்ட முள்ளென்பு அழுத்தத்தில் நொருங்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. பரியாரியாரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடமும் பழைய வருத்தத்தை மறைத்தவர்கள் நாங்கள்.

முண்ணாண் நெரிபட்டுக் கால் சோர்ந்தால், விறைத்தால், சலம் போகாமல் நின்றால் அடுத்த கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. பிரித்தானிய வழிகாட்டல் இந்த நிலையில் 24 மணித்தியாலத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறது, பரவல் என்று சந்தேகப்படும்படியான நோ மட்டும் என்றால் ஒரு கிழமைக்குள். நடக்கிற நிலையில் சிகிச்சை தொடங்கியவர்களே பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள்.

பெரியம்மா ஒரு பின்னேரம் வாசற்படி ஏறும்போது வலது கால் செருப்பு கழன்று கீழே கிடந்தது. அவருக்குத் தெரியவில்லை, வெறுங்காலோடு உள்ளே வந்துவிட்டார். அப்போதே 1990 அம்புலன்ஸுக்கு அடித்தோம்.

இப்போது தடி பிடித்து நடக்கிறார். கிளினிக் கொப்பியின் முன் மட்டையில் மகள் சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருக்கிறாள்: “மார்புப் புற்றுநோய். ஒப்பரேசன் செய்தது.”