வாய்விட்டுப் பழகிய பதில்: கொழும்பில் நேர்முகத் தேர்வுக்கும் அளிக்கைக்கும் ஆயத்தமாகும் முறை

நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு வந்த பின்னர் கிடைக்கும் சில நாட்களைப் பலரும் இணையத்தில் மாதிரிக் கேள்வி பதில்களை வாசிப்பதிலேயே செலவிட்டு விடுகின்றனர். கொழும்பில் நேர்முகக் குழுக்களில் அமர்ந்திருந்த ஆண்டுகளில், யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் அட்டனிலிருந்தும், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களிலிருந்தும் வந்த இளையவர்கள் பலரை நான் சந்தித்திருக்கிறேன். தடுமாறியவர்களுள் பெரும்பாலானோரிடம் தொழிலறிவு குறைவாக இருக்கவில்லை. தாம் அறிந்ததை, அந்த அறையில் பேசப்படும் மொழியில் ஒருமுறையேனும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் வந்திருந்தார்கள். மனத்துக்குள் தமிழில் தெளிவாக இருக்கும் விடயம் முதன்முறையாக ஆங்கிலத்தில் வெளிவரும்போது பாதியாகச் சுருங்கி விடுகிறது. ஆகவே, கீழே சொல்லப்படும் ஆயத்தத்தின் பெரும்பகுதி கண்ணால் வாசித்து முடிப்பதன்று, வாயால் செய்து பழகுவது.

முதல் வேலையாக, பதவிக்கான விளம்பரத்தை அச்சிட்டு, அதில் கேட்கப்பட்டுள்ள ஒவ்வொரு தகைமைக்கும் எதிரே, அதை நீங்கள் செய்துகாட்டிய ஒரு சம்பவத்தை எழுதுங்கள். எதிரே எழுத எதுவும் இல்லாத இடத்தில்தான் உங்களுக்குக் கடினமான கேள்வி வரும். அடுத்து நிறுவனத்தை அறிந்துகொள்ள வேண்டும். அது கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனியாயின், அதன் ஆண்டறிக்கையைச் சந்தையின் இணையத்தளத்திலேயே இலவசமாகப் பெறலாம். தலைவரின் செய்தியை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்தாமல், இடர் முகாமைத்துவம் பற்றிய பகுதியையும் வாசியுங்கள். நிறுவனம் எதைக் கண்டு கவலைப்படுகிறது என்பது அங்கேதான் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். உங்கள் பதவி அந்தக் கவலைகளுள் எதைக் குறைக்கும் என்று சொல்லக்கூடியவரைக் குழு மறப்பதில்லை. பட்டியலிடப்படாத சிறு நிறுவனமாக இருந்தால், அதன் கிளைக்கு ஒருமுறை வாடிக்கையாளராகச் சென்று பாருங்கள். உணவுப் பொருள் விற்பனைப் பதவியென்றால் காலி வீதிக் கடைகளில் அதன் பொருட்கள் எந்தத் தட்டில், எதற்குப் பக்கத்தில் வைக்கப்பட்டுள்ளன என்று அரை மணி நேரம் கவனித்தாலே பேசுவதற்கு விடயம் கிடைத்துவிடும்.

சம்பவங்களைச் சொல்லும் முறையில் நம்மவர்களுக்கு ஒரு தனியான சிக்கல் உண்டு. தன்னைப் பற்றித் தானே பேசுவது அடக்கமின்மை என்று வளர்க்கப்பட்டதனால், "நாங்கள் செய்தோம்", "செய்யப்பட்டது" என்று சொல்லிவிட்டு நகர்ந்து விடுகிறோம். குழுவோ, ஐந்து பேர் செய்த வேலையில் உங்கள் கை எது என்பதை அறியக் காத்திருக்கிறது. நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், விளைவு என்ன என்ற நான்கு படிகளில் சொல்லுங்கள்; மூன்றாவது படியில் "நான்" என்ற சொல் கட்டாயம் வரட்டும். "எங்கள் களஞ்சியத்தில் கையிருப்புக் கணக்கு ஒத்துவரவில்லை. அதைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. மூன்று மாதப் பற்றுச்சீட்டுகளை நான் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, திருப்பியனுப்பிய பொருட்கள் பதியப்படாததைக் கண்டறிந்தேன். அதன் பின்னர் அதற்கெனத் தனிப் பதிவேடு தொடங்கப்பட்டது." இது உண்மையை உரிய அளவில் சொல்வது; இதில் தற்பெருமை எதுவும் இல்லை. வேலை அனுபவம் இல்லாதவர்கள் வெறுங்கையுடன் வருவதாக எண்ண வேண்டியதில்லை. பல்கலைக்கழக ஆய்வுத் திட்டம், மாணவர் மன்றப் பொறுப்பு, கோயில் திருவிழாவின் வரவு செலவுக் கணக்கு, உயர்தர மாணவர்களுக்கு நடத்திய வகுப்பு ஆகிய எல்லாவற்றிலும் இந்த நான்கு படிகள் உண்டு. இத்தகைய ஆறு சம்பவங்களை ஆயத்தமாக வைத்திருந்தால், பெரும்பாலான கேள்விகளுக்கு அவற்றுள் ஒன்று பொருந்தும்.

அந்த ஆறையும் எழுதி மனனம் செய்யாமல், கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து கேளுங்கள். முதல் முறை தமிழிலேயே சொல்லி விடயத்தை ஒழுங்குபடுத்துங்கள். பின்னர் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். எந்த இடத்தில் சொல் கிடைக்காமல் நிற்கிறீர்களோ, அந்த இடத்துக்குரிய நான்கைந்து சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு மீண்டும் சொல்லுங்கள். மூன்றாவது, நான்காவது முறையில் பேச்சு தானாக ஓடத் தொடங்கும். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்ற கேள்விக்கான பதில் இரண்டு நிமிடங்களைத் தாண்டக் கூடாது. பிறந்த ஊரிலும் பாடசாலையிலும் தொடங்காமல், இப்போது செய்யும் வேலையிலோ கற்கும் கற்கைநெறியிலோ தொடங்குங்கள். குழுவில் ஒருவர் திடீரென்று சிங்களத்தில் கேட்பதும் கொழும்பில் வழக்கம். சரளமாக வராவிட்டால் தலையசைத்துச் சமாளிக்க வேண்டாம். "மட்ட சிங்கள டிக்கக் புளுவன்", அதாவது சிங்களம் கொஞ்சம் முடியும் என்று நேராகச் சொல்லி, முடிந்த ஒரு வாக்கியத்தைச் சிங்களத்தில் பேசிவிட்டு ஆங்கிலத்துக்கு மாற அனுமதி கேளுங்கள். அந்த முயற்சிக்கு மதிப்புக் கிடைப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அரச பதவிகளின் நேர்முகப் பரீட்சை வேறு வகையானது. தேவையான தகைமைகளும் பல பதவிகளுக்குப் புள்ளித் திட்டமும் வர்த்தமானி அறிவித்தலிலேயே தரப்பட்டிருக்கும். அதைச் சொல்லுக்குச் சொல் வாசித்து, கேட்ட வரிசையிலேயே மூலச் சான்றிதழ்களையும் பிரதிகளையும் அடுக்கிக்கொண்டு செல்லுங்கள்.

அளிக்கை

சந்தைப்படுத்தல், பயிற்சி, திட்ட முகாமைத்துவம் போன்ற துறைகளில், பத்து நிமிட அளிக்கை ஒன்றையும் செய்யச் சொல்வார்கள். இங்கே நம்மைத் தடுப்பது பாடசாலைப் பேச்சுப் போட்டியில் பெற்ற பழக்கம். அவை வணக்கம், தலைப்பு அறிமுகம், விடயத்தின் வரலாறு என்று படிப்படியாக ஏறி, சொல்லவந்ததை இறுதியில் சொல்கிறோம். நேர்முகக் குழுவுக்கு முன் அந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். கொடுத்த கேள்வி, ஒரு கிளையின் விற்பனையை எப்படி உயர்த்துவீர்கள் என்பதாயின், ஒரு வரி வணக்கத்துக்குப் பின் உங்கள் பரிந்துரையையே முதலில் சொல்லுங்கள். ஏன் என்பதையும், என்ன செலவாகும் என்பதையும், எது தவறிப்போகலாம் என்பதையும் அதற்குப் பின் விளக்குங்கள். நேரம் முடிந்து இடையில் நிறுத்தப்பட்டாலும் உங்கள் கருத்து அவர்களிடம் சேர்ந்திருக்கும்.

பத்து நிமிடத்துக்குத் திரையில் காட்டும் படவில்லைகள் ஆறு அல்லது ஏழு போதும். ஒவ்வொன்றின் தலைப்பும் "விற்பனை" என்ற ஒற்றைச் சொல்லாக இல்லாமல், "வார இறுதி விற்பனையே குறைந்துள்ளது" என்பது போல முழு வாக்கியமாக இருக்கட்டும். தலைப்புகளை மட்டும் வரிசையாக வாசித்தால் முழு வாதமும் விளங்க வேண்டும். எழுத்தின் அளவு 24 புள்ளிக்குக் குறைய வேண்டாம். புள்ளிவிபரங்களை மத்திய வங்கியின் அறிக்கைகளிலிருந்தோ தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வெளியீடுகளிலிருந்தோ எடுத்து, மூலத்தையும் ஆண்டையும் கீழே குறிப்பிடுங்கள். குழு வினவக்கூடிய மேலதிக அட்டவணைகளை இறுதியில் தனியாக வைத்திருந்தால், கேள்வி வரும்போது அங்கே செல்லலாம்.

நிதானமாகப் பேசும் ஆங்கிலம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 சொற்கள். ஒத்திகையில் எட்டரை நிமிடத்தில் முடிவதாக அமைத்தால், உண்மையான அறையில் பத்துக்குள் அடங்கும். முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனனம் செய்யுங்கள். நடுப்பகுதியை மனனம் செய்தவர், ஒரு சொல் தவறினால் முழுவதையும் இழக்கிறார். நின்றுகொண்டே, குறைந்தது ஐந்து முறை ஒத்திகை பாருங்கள். துறை தெரியாத ஒருவரை, அம்மாவாகவோ தங்கையாகவோ இருந்தாலும், எதிரே இருத்திச் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் சுருங்கும் இடம்தான் நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

அளிக்கைக் கோப்பினை பவர்பொயிண்ட் வடிவத்திலும் பிடிஎப் வடிவத்திலும் பென் டிரைவிலும் மின்னஞ்சலிலும் வைத்திருங்கள். தமிழ், சிங்கள எழுத்துருக்கள் வேறொரு கணினியில் சிதைந்து தோன்றுவதுண்டு, பிடிஎப் அதைத் தடுக்கும். மூன்று அச்சுப் பிரதிகளும் கையில் இருந்தால், திரை இயங்காவிட்டாலும் நீங்கள் பேசலாம். கேள்வி நேரத்தில் பதில் தெரியாத ஒன்று வந்தால், தெரியவில்லை என்று சொல்லி, அதை எங்கிருந்து எப்படி அறிந்துகொள்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த நாளும் அதன் பின்னரும்

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் காலை வேளையில் பேருந்தில் செல்பவர் காலி வீதி நெரிசலைக் கணக்கில் எடுக்க வேண்டும். கரையோரப் புகையிரதம் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி வழியாகக் கோட்டைக்குச் செல்வதால், அதன் நேர அட்டவணையை முதல் நாளே பார்த்து வையுங்கள். உயர்ந்த கட்டடங்களின் வரவேற்பில் அடையாள அட்டையைக் காட்டி அனுமதி அட்டை பெறவே பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஆகலாம். தூர இடங்களிலிருந்து இரவுப் பேருந்தில் வருபவர்கள், இயன்றால் முதல் நாளே வந்து உறவினர் வீட்டில் தங்குங்கள். தூக்கமில்லாத முகம் ஆர்வமில்லாத முகமாகத் தெரிகிறது, அது உங்களுக்கு அநீதி. இணையவழி நேர்காணலாயின், வெளிச்சம் முகத்தில் விழுமாறு அமர்ந்து, மாற்று இணைய இணைப்பொன்றை வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் பாண் விற்றுவரும் சூன் பாண் முச்சக்கரவண்டியின் இசை கேட்கும் நேரத்தை அறிந்து, அப்போது யன்னலைச் சாத்தி வையுங்கள்.

சம்பளம் பேசும்போது, சொல்லப்படும் தொகை அடிப்படைச் சம்பளமா, கொடுப்பனவுகளும் சேர்ந்ததா என்று கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், தொழில்வழங்குநரின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்வழங்குநர் 3 வீதம் செலுத்த வேண்டும். இந்நிதிகளுக்கான கணிப்பில் சேரும் சம்பளம் 80,000 ரூபாவாயின், உங்களிடமிருந்து 6,400 ரூபா கழிக்கப்படும். உங்கள் பெயரில் நிறுவனம் 9,600 ரூபாவும் 2,400 ரூபாவும் செலுத்தும். இதைக் கேட்பது பேராசையாகாது. கேட்கத் தயங்கியவர்கள் முதல் மாதச் சம்பளச் சீட்டைக் கண்டு மனமுடைவதை நான் பார்த்திருக்கிறேன்.

அறையைவிட்டு வெளியே வந்ததும், வீடு செல்லும்வரை காத்திராமல், கேட்கப்பட்ட கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்தக் கேள்விக்குப் பதில் நடுவில் நின்றதோ அதன் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். அன்றிரவு, முடிவு என்னவாக இருந்தாலும், கோடு போட்ட கேள்விகளுக்கான பதிலை மீண்டும் வாய்விட்டுச் சொல்லி ஒலிப்பதிவு செய்து வையுங்கள்.