கப்பல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: மலையகத்திலிருந்து சரக்கு அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணே, சரக்கு ரெடியாயிருச்சு. கப்பல் எப்ப?"

மஸ்கெலியாப் பக்கத்துத் தம்பி ஒருவர் இப்படித்தான் கோல் எடுத்தார். ஐம்பது பெட்டி தேயிலை, மொத்தம் 600 கிலோ, ஜெர்மனிக்கு. பக்கற் போட்டு, லேபல் ஒட்டி, லொறிக்கும் பேசி முடித்திருந்தார். நான் கேட்ட முதல் கேள்வி, வாங்குபவரோடு பேசிய விலை எந்த இடம் வரைக்கும் என்பது. அதற்கு அவரிடம் பதில் இல்லை.

எனக்கு ஊர் ஹட்டன். கொழும்பில் சரக்கு அனுப்பும் கந்தோரில் பல வருடங்களாக வேலை. கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது 1883இல். அன்றிலிருந்து இந்த மலையின் தேயிலை உலகமெல்லாம் போகிறது. ஆனால் கொழுந்து நிறுக்கும் தராசோடு எங்கள் ஆட்களின் பங்கு முடிந்துவிடும். அதன்பிறகு வரும் காகிதமெல்லாம் வேறு கைகளில்தான் இருந்தது. இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் சொந்தப் பெயரில் தேயிலை, மிளகு, கறுவா, கராம்பு என்று அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் கடன்பட்டுச் சேர்த்த முதல் பணம் தெரியாத்தனத்தால் போவதைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை. நான் பார்த்த நட்டங்களில் பெரும்பாலானவை கடலில் நடந்தவை அல்ல. லொறி மலையிறங்கும் முன்பே நடந்து முடிந்தவை.

முதல் தவறு விலையில்

"கிலோ இத்தனை டொலர்" என்று மட்டும் எழுதி அனுப்புவதுதான் முதல் தவறு. அந்த விலைக்குள் கொழும்பு வரை லொறிக்கூலி அடங்குமா, கப்பல் கூலி அடங்குமா, காப்புறுதி, அந்த நாட்டு வரி எல்லாம் யார் தலையில் என்பதை இரு பக்கமும் தங்களுக்கு வசதியான மாதிரி நினைத்துக்கொள்வார்கள். இதைத் தீர்க்கத்தான் சர்வதேச வர்த்தக சம்மேளனத்தின் இன்கோடேர்ம்ஸ் 2020 இருக்கிறது. மொத்தம் 11 விதிமுறைகள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்களுக்கு அடிக்கடி வரப்போவது நான்கைந்துதான்.

எஃப்.ஓ.பி. கொழும்பு என்றால், சரக்கு கப்பலில் ஏறும்வரை செலவும் ஆபத்தும் உங்களுடையவை. கினிகத்தேனை வளைவில் லொறி புரண்டால் வாங்குபவரின் காப்புறுதி உங்களுக்கு உதவாது. உள்நாட்டுப் பயணத்துக்கு நீங்கள் தனியாகக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். கொள்கலனில் போகும் சரக்கை நீங்கள் கப்பலடியில் ஒப்படைப்பதும் இல்லை. பல நாள் முன்பே களஞ்சியத்தில் கொடுத்துவிடுகிறீர்கள். அந்த இடைநாட்களின் ஆபத்தை ஏன் சுமக்க வேண்டும்? கொள்கலன் சரக்குக்கு, பேசிய இடத்தில் ஒப்படைத்ததுமே ஆபத்து வாங்குபவருக்கு மாறும் எஃப்.சி.ஏ. பொருத்தமானது என்று சம்மேளனமே சொல்கிறது. ஆனாலும் பழக்கதோஷத்தில் எல்லோரும் எஃப்.ஓ.பி. என்றே எழுதுகிறார்கள்.

சி.ஐ.எஃப். பற்றிய குழப்பம் இன்னும் பெரிது. போய்ச் சேரும் துறைமுகம் வரை கப்பல் கூலியும் காப்புறுதியும் நீங்கள் கட்டுகிறீர்கள், சரி. ஆனால் ஆபத்து கொழும்பில் கப்பலேறியதுமே வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. இதை இரு பக்கமும் பேசிக்கொள்ளாமல் விட்டால், ஹம்பேர்க்கில் பெட்டி நனைந்து இறங்கும்போது நட்பும் நனைந்துபோகும். சி.ஐ.எஃப். கேட்கும் குறைந்தபட்சக் காப்புறுதி 'சி' பிரிவு. தீ, கப்பல் மூழ்குதல், மோதல் போன்ற பெரிய விபத்துகளைத்தான் அது பார்க்கும். மழையில் நனைந்தது, களவு போனது இவற்றுக்கெல்லாம் அதில் பணம் கிடையாது. தேயிலைக்கு இவற்றையும் பார்க்கும் 'ஏ' பிரிவு எடுங்கள். 'சி'யை விடக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தாலும் எடுங்கள்.

காப்புறுதியே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் சிக்கியது நினைவிருக்கும். அதன் உரிமையாளர்கள் பின்னர் 'பொதுச் சராசரி' அறிவித்தார்கள். கப்பலைக் காப்பாற்றிய செலவில் சரக்கின் சொந்தக்காரர்களும் பங்கு கொடுக்க வேண்டும் என்பது அதன் பொருள். உங்கள் பெட்டிக்கு ஒரு கீறலும் இல்லாவிட்டாலும், அந்தப் பங்குக்கு உத்தரவாதம் கொடுக்காமல் பெட்டி கைக்கு வராது. காப்புறுதி இருந்தால் அந்த உத்தரவாதத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்.

"வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தாறேன்" என்று அன்பில் சொல்லிவிடாதீர்கள். அதற்குப் பெயர் டி.டி.பி. முன்பின் தெரியாத நாட்டின் இறக்குமதி வரியையும் நீங்கள்தான் கட்ட வேண்டிவரும்.

நாளை எண்ணும் விதம்

சரக்கு தயாரானதும் கப்பலைத் தேடுவது எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற தவறு. கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். முதலில் கப்பல். அந்தக் கப்பலுக்குக் களஞ்சியம் சரக்கை ஏற்கும் கடைசி நேரம், அதாவது கட்-ஒஃப். சின்னச் சரக்கைப் பலருடையதோடு சேர்த்து ஒரே கொள்கலனில் போடும்போது கட்-ஒஃப் கப்பல் நாளுக்குப் பல நாள் முன்னாலேயே வந்துவிடும். அதற்கு முன்னால் சுங்கப் பிரகடனம். அதற்கு முன்னால் தேயிலைச் சபையின் அனுமதி. தேயிலைச் சபையில் ஏற்றுமதியாளராகப் பதியாமல் வியாபாரத்துக்குத் தேயிலை அனுப்பவே முடியாது. இலங்கைத் தேயிலையின் சிங்க இலச்சினை வேண்டுமென்றால் அதற்கு வேறாக அனுமதி வாங்க வேண்டும், தேயிலை முழுக்க இலங்கையுடையதாக இருந்து இங்கேயே பக்கற்றும் போடப்பட்டிருக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஆய்வுகூடப் பரிசோதனை. இப்படிப் பின்னோக்கி எண்ணி வரும்போது எந்த நாளில் வந்து நிற்கிறீர்களோ, அன்றுதான் பக்கற் போடத் தொடங்க வேண்டும்.

இந்தக் கணக்கில் போயா நாளை மறக்கிறவர்கள் ஏராளம். பெளர்ணமிதோறும் அரசாங்கக் கந்தோரும் வங்கியும் மூடியிருக்கும். வெசாக்குக்கு இரண்டு நாள். ஏப்ரல் புத்தாண்டு வாரத்தில் ஒன்றும் நகராது. அந்தத் தம்பியின் லொறி கொழும்புக்கு வந்து சேர்ந்தது வெசாக்குக்கு முதல் நாள் பின்னேரம். கப்பல் போய்விட்டது, களஞ்சிய வாடகை ஓடத் தொடங்கியது. வாங்குபவரின் விடுமுறையும் உங்கள் கணக்கில் சேர வேண்டும். ரஷ்யாவில் ஜனவரி முதல் வாரமும் சீனாவில் அவர்களின் புத்தாண்டும் ஒக்டோபர் முதல் வாரமும் அப்படிப்பட்டவை.

பிறகு எங்கள் மலைப் பாதை. ஹட்டனிலிருந்து கொழும்பு சுமார் 130 கிலோமீற்றர். படத்தில் பார்த்தால் அரை நாள் பயணம். ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை. கினிகத்தேனையிலோ ரம்பொடையிலோ கடுகண்ணாவையிலோ ஒரு மண்மேடு சரிந்தால் அன்றைய கணக்கு முடிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது எத்தனை பாதைகள் துண்டிக்கப்பட்டன என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மழைக்காலத்தில் கட்-ஒஃபுக்கு மூன்று நாள் முன்பே சரக்கைக் கொழும்பில் சேர்த்துவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சளா, செம்மஞ்சளா, சிவப்பா என்று பார்க்காமல் லொறியைக் கிளப்பாதீர்கள். உள்ளே இருப்பது சரக்கு மட்டுமல்ல, ஒரு டிரைவரும் கிளீனரும் இருக்கிறார்கள்.

கடலிலும் பாதை மாறும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் பல கப்பல்கள் தென்னாபிரிக்காவைச் சுற்றிப் போயின. அதனால் பயணம் பத்து நாளளவுக்கு நீண்டது. போன வருடம் சொன்ன நாளை இந்த வருடம் வாக்குக் கொடுக்காதீர்கள். எந்த வழி என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

கிலோவா, இடமா?

அந்தத் தம்பியின் ஐம்பது பெட்டிக்கு வருவோம். ஒவ்வொன்றும் 60 சென்டிமீற்றர் நீளம், 40 அகலம், 40 உயரம், எடை 12 கிலோ. அவர் 600 கிலோவுக்குக் கூலி கணக்குப் போட்டிருந்தார். கப்பலில் சேர்த்து அனுப்பும் சரக்குக்கு ஒரு கன மீற்றரும் 1,000 கிலோவும் சமம். இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கூலி. அவருடைய பெட்டிகள் 4.8 கன மீற்றர். அவர் போட்டது 0.6க்கான கணக்கு, வந்த பில்லோ எட்டு மடங்கு. விமானத்தில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 6,000ஆல் வகுப்பார்கள். பெட்டி ஒன்றுக்கு 16 கிலோ, மொத்தம் 800. பெட்டியின் உயரத்தை 30 ஆக்கி, உள்ளே இருந்த வெற்றிடத்தை எடுத்துவிட்டிருந்தால் 12 கிலோவுக்கு 12 கிலோவாகவே நின்றிருக்கும். பெட்டி அடிக்கக் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதும்.

எடையிலும் மழுப்பக் கூடாது. முழுக் கொள்கலன் அனுப்பினால், 2016 ஜூலை 1 முதல் அதன் மொத்த எடையை உறுதிசெய்து கொடுக்காமல் கப்பலில் ஏற்ற முடியாது. தராசில் ஒரு கிலோ தவறினால் என்ன நடக்கும் என்று கொழுந்தெடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாசம், ஈரம், பூச்சி

தேயிலை பக்கத்தில் இருப்பதன் வாசத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும். வீட்டில் சோப்போடு ஒரே பையில் வாங்கிவந்த தூளில் தேத்தண்ணி ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆனாலும் கண்டி, மாத்தளைப் பக்கத்தில் கராம்பையும் கறுவாவையும் தேயிலையோடு ஒரே லொறியில், ஒரே அடுக்கில் அனுப்புகிறவர்களை நான் பார்க்கிறேன். சேர்த்து அனுப்பும் கொள்கலனில் பக்கத்துச் சரக்கு என்ன என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, கேளுங்கள். முழுக் கொள்கலன் என்றால் ஏற்றும் முன் ஒருவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லிப் பார்க்கட்டும், வெளியே இன்னொருவரை நிறுத்திவிட்டு. ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தாலும் அந்தத் துளையால் தண்ணீர் வரும். அப்படியே மூச்சை இழுத்து மோந்து பார்க்க வேண்டும். மீனோ இரசாயனமோ முன்பு போயிருந்தால் மூக்கு சொல்லிவிடும். திருப்பி அனுப்பி வேறு கேளுங்கள்.

ஓட்டை இல்லாத கொள்கலனிலும் மழை பெய்யும். நுவரெலியா மூடுபனியில் நனைந்த பலகை, ஈரமான அட்டைப்பெட்டி இவற்றோடு கதவைப் பூட்டினால் அந்த ஈரம் முழுக்க உள்ளேதான் இருக்கும். கப்பல் குளிர்நாட்டை நெருங்கும்போது இரும்புக் கூரை குளிர்ந்து, ஈரம் அதில் படிந்து சொட்டும். தூறலில் ஏற்றாதீர்கள். ஈரமுறிஞ்சும் பைகளைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

தோட்டத்தில் வெட்டிய சபுக்குப் பலகையில் பெட்டி அடுக்கும் தளமேடை அடித்து அனுப்பலாம் என்ற யோசனை பலருக்கு வரும். வெளிநாட்டுக்குப் போகும் மரப் பொதிக்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்ற விதி உண்டு. மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடேற வேண்டும், அல்லது ஏற்றுக்கொள்ளப்பட்ட வேறு முறையில் பதப்படுத்த வேண்டும். கோதுமைக் கதிர் முத்திரையும் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத ஒரு பலகைக்காக முழுச் சரக்கையும் நிறுத்திவைப்பார்கள்.

பூச்சி சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 2017 டிசம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். ரஷ்யாவுக்குப் போன தேயிலைப் பொதியில் கப்ரா வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. இலங்கைத் தேயிலை முழுவதையுமே அந்த நாடு தற்காலிகமாக நிறுத்தியது. சில வாரங்களுக்குள் தடை நீங்கியது. ஆனால் ஒரு பொதிக்குள் இருந்த வண்டு ஒரு நாட்டின் வியாபாரத்தையே நிறுத்தும் என்பதை அன்று எல்லோரும் பார்த்தோம். உங்கள் ஸ்டோரின் மூலைகளையும் பழைய சாக்குகளையும் அந்தக் கண்ணோடு பாருங்கள்.

மருந்தெச்சமும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி எல்லை குறிக்கப்படாத பூச்சிமருந்துக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதி. கொழுந்து தந்த தோட்டத்தில் என்ன அடித்தார்கள் என்று தெரியாமல் வாங்காதீர்கள். பரிசோதனையைப் பணம் முடங்கும் முன் செய்யுங்கள்.

காகிதங்கள்

விலைச்சிட்டை, பொதிப்பட்டியல், பில் ஒஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டு), சுங்கப் பிரகடனம் எல்லாவற்றிலும் பெயரும் எடையும் பெட்டி எண்ணிக்கையும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடனுறுதிக் கடிதத்தில் பணம் வருவதாக இருந்தால் வங்கி பார்ப்பது தேயிலையை அல்ல, காகிதத்தை. கடிதம் வேறு காலம் குறிக்காவிட்டாலும், கப்பலேறிய 21 நாளுக்குள் மூல ஆவணங்களைக் கொடுக்க வேண்டும்.

சுங்கக் குறியீட்டையும் பாருங்கள். அதே கறுப்புத் தேயிலை 3 கிலோவுக்கு மேற்படாத பக்கற்றில் போனால் 0902.30, அதைவிடப் பெரிய பொதியில் போனால் 0902.40. முந்திய விலைச்சிட்டையைக் கொப்பி அடிக்கிறபோது இது அப்படியே தவறிப்போகும்.

வரிச்சலுகையைக் கேட்காமல் விடுவதும் நட்டந்தான். இந்தியாவோடு 2000 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள வர்த்தக உடன்படிக்கையின் கீழ் அனுப்ப, சரக்கு இலங்கையுடையது என்று காட்டும் வர்த்தகத் திணைக்களத்தின் மூலச் சான்றிதழ் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகைக்கு, சரக்கின் பெறுமதி 6,000 யூரோவைத் தாண்டினால் நீங்கள் அதற்கென்று பதிவுபெற்ற ஏற்றுமதியாளராக இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு உணவுப்பொருள் அனுப்பினால் உற்பத்தி இடத்தை அங்கே பதிய வேண்டும், முன்னறிவித்தலும் கொடுக்க வேண்டும். கப்பலென்றால் சரக்கு சேர 8 மணித்தியாலத்துக்கு முன், விமானமென்றால் 4. 800 டொலர் வரையான பொதிக்கு அங்கே வரியில்லை என்ற பழைய சலுகை 2025 ஓகஸ்ட் 29 உடன் நிறுத்தப்பட்டது. அதை நம்பிக் கூரியரில் அனுப்பியவர்கள் இப்போது விலையைத் திருத்த வேண்டும்.

பணம் வாங்குமுன் மூல பில் ஒஃப் லேடிங்கைக் கைவிடாதீர்கள். அது சரக்கின் சாவி. "டெலெக்ஸ் ரிலீஸ் குடுங்க, நாளைக்குப் பணம் போடுறேன்" என்று, அதாவது மூலப் பிரதி இல்லாமலே சரக்கை விடச் சொல்லி, முதல்முறை வாங்குபவர் கேட்டால், மரியாதையாக மறுக்கலாம். விமானப் பொதிச்சீட்டு அப்படிப்பட்ட சாவி அல்ல; அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர் மூலப் பிரதி இல்லாமலே எடுத்துக்கொண்டு போகலாம். விமானத்தில் அனுப்புவதென்றால் பணம் முன்னால் வரட்டும், அல்லது வங்கியின் சம்மதத்தோடு வங்கியின் பெயரைப் பெறுநராகப் போடுங்கள்.

கொள்கலன் பூட்டியதும் முத்திரை எண்ணைப் படம் எடுங்கள். ஆவணங்களின் பிரதிகளைக் கப்பல் கிளம்பிய அன்றே வாங்குபவருக்கும் அவருடைய சுங்க முகவருக்கும் அனுப்பி, எழுத்துப் பிழை உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். கப்பல் இன்னும் கடலில் இருக்கும்போது ஒரு பிழையைத் திருத்துவது சிறு தொகையோடு முடியும். அங்கே போய் இறங்கிய பிறகு திருத்தினால், கொள்கலன் துறைமுகத்தில் கட்டணமின்றி நிற்கக்கூடிய இலவச நாட்கள் தீர்ந்து, ஒவ்வொரு நாளும் தரிப்புக் கட்டணம் டொலரில் ஏறிக்கொண்டிருக்கும்.