ஸ்பின்னில் நின்றுபோன வாஷிங் மெஷின்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டு டாப் லோட் மெஷின் ஸ்பின்னுக்கு வந்ததும் தடதடவென்று ஆடும். மறுபடி தண்ணீர் பிடித்துப் பார்க்கும், கடைசியில் திரையில் 'யூஈ' என்று காட்டி நின்றுவிடும். துணி ஒரே பக்கம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கனமான ஜமுக்காளத்தோடு நாலைந்து துண்டுகளையும் பரப்பிப் போட்டேன். கொஞ்சம் தேவலை, ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை.

சரி என்று காலி மெஷினை மூலைக்கு மூலை அழுத்திப் பார்த்தேன். முன்பக்கத்து இடது கால் தரையில் படவே இல்லை! பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தக் காலை அசையாமல் பிடித்திருக்கும் லாக் நட்டைத் திருகினேன். கடலோர உப்புக் காற்றில் துருவேறி இறுகியிருந்தது. துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிட்ட பிறகுதான் அசைந்தது. ரசமட்டத்தை மெஷின்மேல் வைத்துக் காலை இறக்கி, குமிழி நடுவுக்கு வந்ததும் நட்டை நன்றாக இறுக்கினேன். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதிர்வில் கால் மறுபடி ஏறிக்கொள்ளும். இதற்கும் அடங்காத மெஷின் என்றால் தொட்டியைத் தாங்கும் சஸ்பென்ஷன் ராடுகளைப் பார்க்க வேண்டும்.